ஊதிக் காட்டிய தாய்மாமன்

1

நேற்று எங்கள் ஊரில் விளக்கு ஊர்வலம். எங்கள் ஊர் என்று நான் சொல்வது சென்னைக்கு அருகே நான் வளர்ந்த ஒரகடத்தை அல்ல. பதினோரு வருடமாகக் குப்பையைப் பழுப்புத் தொட்டி, மஞ்சள் தொட்டி, கறுப்புத் தொட்டி என்று பிரித்துப் போட்டுக்கொண்டு நான் குடியிருக்கும் தென் ஜெர்மனியின் சின்ன ஊர் ஒன்றைச் சொல்கிறேன். நவம்பர் வந்தால் இங்கே பள்ளிப் பிள்ளைகள் காகிதத்தில் கூண்டு விளக்கு செய்து, குச்சியில் மாட்டிக்கொண்டு, சாயங்காலம் ஐந்து மணிக்குப் பாட்டுப் பாடியபடி தெருவில் வருவார்கள். முன்னால் ஒரு குதிரை வரும். ஊர்வலம் முடிகிற இடத்தில் பெரியவர்களுக்குச் சூடான ஒயின், சின்னவர்களுக்குச் சூடான பழச்சாறு.

பள்ளிக்கூட வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, எரியாத விளக்குகளைச் சரிசெய்து கொடுப்பது என் வேலை. கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர், மடியில் பேட்டரி டப்பா. மூன்று வருடமாக இந்தப் பதவி எனக்குத்தான். பிள்ளைகள் என்னை 'விளக்கு மாமா' என்று அவர்கள் மொழியில் கூப்பிடுவார்கள். நேற்று ஒரு அம்மாள் ஒயின் கோப்பையை நீட்டினாள். நான் பழச்சாறு வரிசையைக் காட்டினேன். அந்த வரிசையில் என் இடுப்பு உயரத்துக்கு மேல் யாரும் இல்லை. நான் வெட்கப்படாமல் போய் நின்றேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் இதே ஊர்வலத்தில் நான் குதிரைக்கு முன்னால் குத்தாட்டம் போட்டேன். ஷிப்ட் முடிந்து கம்பெனி ஆட்களோடு குடித்தது போதாதென்று, பள்ளி வாசலில் இரண்டு கோப்பை ஒயினும் உள்ளே போயிருந்தது. பள்ளிப் பையன்கள் டிரம் அடித்தார்கள். எனக்குக் கால் நிற்கவில்லை. குதிரை மிரண்டு பின்வாங்கியது. சிலர் சிரித்தார்கள். எட்டு வயது யாழினி, என் மகள், அதுவரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள், கையை விட்டுவிட்டுப் போய்த் தன் தோழியின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. கையை விட்டாள், அவ்வளவுதான். மறுநாள் நான் குடியை விட்டேன்.

விட்ட கதையை விரிவாக எழுதப் போவதில்லை. உடம்பு நடுங்கியது, டாக்டரைப் பார்த்தேன், வாரம் ஒருநாள் ஒரு குழுவில் போய் உட்கார்ந்து என் பெயரைச் சொன்னேன், என் மனைவி மேகலா கூடவே நின்றாள். முடிந்தது. ஊரிலிருந்து பேசுகிறவர்கள் யாரும் அதைக் கேட்பதும் இல்லை. அவர்கள் கேட்பது வேறு. "அப்புறம் ஜாலிக்கு இன்னா பண்றே?" என்பதுதான் கேள்வி. நல்ல கேள்வி. ஜாலி உண்டு, நிறையவே உண்டு என்று ஆறு வருடமாகப் பதில் சொல்லி வருகிறேன். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் எனக்கே சந்தேகம் இருந்தது. அது இந்த ஆகஸ்டில், என் அக்கா பெண்ணின் கல்யாணத்தில் தீர்ந்தது. அதைத்தான் எழுத வந்தேன்.

2

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் நான் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்தேன். ஐ.டி.ஐ. முடித்த கையோடு சேர்ந்தேன். எங்கள் நிலம் இருந்த இடத்தில்தான் இப்போது இன்னொரு கம்பெனியின் லாரிகள் நிற்கின்றன. அதைப் பற்றி அழுவதற்கு எனக்கு நேரம் இருந்ததில்லை. மிஷின் பழகுவது பிடித்திருந்தது. ஓடுகிற மோட்டார் பேரிங்கின் மேல் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டால், உள்ளே எது தேய்கிறது, எது இன்னும் நாலு நாள் தாங்கும் என்று தெரிந்துவிடும். கம்ப்யூட்டரில் கிராஃப் வருவதற்கு முன்னால் சொல்லிவிடுவேன். அந்தக் காதை வைத்துத்தான் ஜெர்மனிக்கே வந்தேன்.

ஷிப்ட் முடிந்தால் குடிப்போம். OT கிடைத்தால் அந்தச் சந்தோஷத்துக்குக் குடிப்போம், கிடைக்காவிட்டால் அந்த வருத்தத்துக்கு. சுங்குவார்சத்திரத்தில் பஸ் விட்டு இறங்கினால் கால் தானாகக் கடைப்பக்கம் திரும்பும். என்னோடு எப்போதும் இருந்தவன் ஏழுமலை. பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதன், இப்போது பக்கத்துக் கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறான்.

குடிக்கு மேலே எனக்கு ஒரு புகழ் இருந்தது. ஆட்டம். சுற்று வட்டாரத்தில் கல்யாணம், காது குத்து, எது நடந்தாலும் 'குமரேசன் வந்துட்டானா?' என்று கேட்ட பிறகுதான் பேண்டு செட் கிளம்பும். இரண்டு குவார்ட்டர் உள்ளே போனால் நான் ரோட்டில் இறங்குவேன். இறங்கினால் ஜனம் வட்டம் கட்டும். விசில் பறக்கும். அந்த ஆட்டம் என் காலில் இல்லை, பாட்டிலில்தான் இருக்கிறது என்று ஏழுமலை சொல்வான். நானும் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டேன்.

தனம் அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் என்னை அதட்டும் உரிமை அவளுக்கு வந்தது. ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கத் தொடங்கி, இப்போது அந்த கேன்டீனையே மேய்க்கிறாள். மாமா கம்பெனி பஸ் ஓட்டுகிறார். நான் குடித்துவிட்டு வரும்போதெல்லாம் ஏலக்காய் மென்றிருப்பேன், பாக்கு மென்றிருப்பேன், ஒருமுறை கொத்தமல்லித் தழையைக்கூட மென்றேன். அக்கா எதையும் கேட்கமாட்டாள். "ஊதுடா" என்பாள், நெடுஞ்சாலையில் போலீஸ்காரர் சொல்வதைப் போலவே. நான் ஊதுவேன். "போய்ப் படு" என்பாள். பக்கத்தில் வந்து ஆடு என்று அவளை ஒருநாளும் நான் கூப்பிட்டதில்லை. அவளுக்கு ஆட்டம் பாட்டம் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

3

இங்கே விட்ட பிறகு முதல் வருடம் மகா போர். சனிக்கிழமை சாயங்காலம் எவ்வளவு நீளம் என்று அந்த வருடம்தான் தெரிந்தது. நாலு மணிக்கு ஆரம்பித்தால் முடியவே முடியாது.

கம்பெனியில் வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் ஆளுக்கொரு பீர் திறப்பது வழக்கம். என் கூட வேலை செய்யும் ஹோல்கர் ஒரு பாட்டிலை நீட்டியபோது, நான் எனக்குத் தெரிந்த ஜெர்மனில் "நான் நிறுத்திவிட்டேன்" என்றேன். எதை நிறுத்தினேன் என்று சொல்ல அப்போது வார்த்தை வரவில்லை. திங்கட்கிழமை ஆபீஸிலிருந்து அழைப்பு. மேஜை மேல் ராஜினாமாப் படிவம். ஏன் போகிறாய், சம்பளம் போதவில்லையா என்று அங்கே இருந்த அம்மாள் உருக்கமாகக் கேட்டாள். விளக்கிச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தாள். அன்று கம்பெனி முழுக்க விஷயம் பரவியது. அதுவும் நல்லதற்குத்தான். அதற்கப்புறம் யாரும் நீட்டவில்லை. புது டாக்டரிடம் போனபோது படிவத்தில் 'வாரத்துக்கு எத்தனை கோப்பை' என்ற இடத்தில் பூஜ்யம் எழுதினேன். அங்கிருந்த பெண் எனக்குக் கேள்வி புரியவில்லை என்று நினைத்து, கையால் குடிப்பது மாதிரி நடித்துக் காட்டினாள். நானும் கையாலேயே இல்லை என்று காட்டினேன்.

அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. முதலில் நாக்கு. ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு மேகலா வைக்கும் கருவாட்டுக் குழம்பில் கத்திரிக்காய் தனியாகத் தெரிந்தது. அப்புறம் சிரிப்பு. ராத்திரி சிரித்தது காலையில் ஞாபகம் இருந்து, பல் துலக்கும்போது மறுபடி சிரிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமை சர்ச்சுக்குப் பக்கத்துக் கூடத்தில் ஊர்க்காரர்கள் பழுதான சாமான்களைக் கொண்டுவருவார்கள். நானும் இன்னும் மூன்று பேரும் ரிப்பேர் செய்து கொடுப்போம். ஒரு கிழவர் நாற்பது வருட ரேடியோவைக் கொண்டுவந்தார். அது பாடியபோது அவர் என் கன்னத்தைத் தட்டினார். அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது நான் விசில் அடித்துக்கொண்டே வந்தேன். இரண்டு குவார்ட்டர் கொடுக்காத போதை அது என்று சொன்னால் ஏழுமலை நம்பமாட்டான். நம்ப வேண்டாம்.

ஆட்டம் மட்டும் வரவில்லை. பக்கத்து நகரத்தில் தமிழர்கள் கூடிப் பொங்கல் விழா நடத்துவார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பாட்டுப் போட்டு எல்லோரும் ஆடுவார்கள். நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருப்பேன். கால் மரக்கட்டையாக நிற்கும். பாட்டிலோடு ஆட்டமும் போய்விட்டது என்றே முடிவு செய்தேன். ஒரு விலைதானே, கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் உறுத்தியது.

4

ஜூலையில் அக்கா போன் செய்தாள். நந்தினிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. நந்தினி அக்காவின் ஒரே பெண், சுங்குவார்சத்திரம் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் லீடர். மாப்பிள்ளை மறைமலை நகரில் கார் கம்பெனி. தாய்மாமன் சீர் நான் எடுக்க வேண்டும்.

"மேளம் யாரு?" என்று கேட்டேன்.

"தாஸண்ணன் செட்டுதான். நீ வந்து நில்லு, தட்டத் தூக்கு, அது போதும். ஆட்டம்லாம் வேணாம்டா."

"ஏன்க்கா?"

"வேணான்னா வுடேன். சம்பந்தி வூட்டு ஜனம் வரும். அசிங்கம் ஆவக் கூடாது."

"நான்தான் குடிக்கிறதில்லையே."

"சரிடா," என்றாள்.

அந்தச் 'சரிடா' எனக்குப் பழக்கமானது. பொங்கலோடு விட்டுவிடுகிறேன், ஆடியோடு விட்டுவிடுகிறேன் என்று நான் அவளிடம் சொன்னபோதெல்லாம் அதே 'சரிடா'தான் வந்தது. ஆறு வருடமாகக் குடிக்கவில்லை என்று சத்தியம் செய்தாலும் ஐயாயிரம் மைல் தள்ளி இருக்கிறவன் சொல்வதை அவள் எதைக் கொண்டு நம்புவாள்? விட்ட பிறகு நான் ஊர்ப்பக்கம் போனதும் இல்லை, போனில் வாசனை தெரியாது. எனக்குக் கோபம் வந்தது, அப்புறம் வெட்கம் வந்தது. இந்தக் கல்யாணத்தில் அக்கா என்னை நம்ப வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் ஏழுமலை பள்ளித் தோழர்கள் குரூப்பில் ஒரு வீடியோ போட்டான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நந்தினியின் மஞ்சள் நீராட்டுக்கு நான் சீர் கொண்டுபோனபோது ஆடிய ஆட்டம். 'மச்சான், இந்த வாட்டி இத மிஞ்சணும்' என்று எழுதியிருந்தான். நான் பெருமையாக நாலைந்து முறை பார்த்தேன். யாழினி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு இப்போது பதினான்கு வயது. நாம் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்கிற வயது. அதிசயமாக அன்று தமிழில் கேட்டாள்.

"அத்தை ஏன் ஆடல?"

"அத்தைக்கு ஆட்டம்லாம் பிடிக்காதும்மா."

அவள் இன்னும் ஒருமுறை பார்த்தாள். அதைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லிவிட்டுப் போனாள்.

5

வெளிநாட்டிலிருந்து வருகிறவன் பாட்டில் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. ஆல்கஹால் இல்லாத பீர் ஆறு பாட்டில் பெட்டியில் வைத்தேன். இங்கே அதை நல்ல ருசியாகச் செய்வார்கள். சென்னை விமான நிலையத்தில் கஸ்டம்ஸ்காரர் பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

"ரெண்டு லிட்டர்தான் சார் அலவ்டு. இது மூணு லிட்டர்."

"சார், இதுல ஆல்கஹால் இல்ல."

"பீருன்னு போட்டிருக்கே?"

"பீருதான். ஆனா போதை வராது."

அவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலதிகாரியைக் கூப்பிட்டார். மேலதிகாரி லேபிளைப் போனில் படம் எடுத்து மொழிபெயர்த்துப் படித்தார். ஒரு படிவம் வந்தது. அதில் 'மதுபானம்' என்ற கட்டத்தில் எழுதுவதா, 'உணவுப்பொருள்' கட்டத்தில் எழுதுவதா என்று இரண்டு பேரும் விவாதித்தார்கள். மேகலா யாரோ மாதிரி தள்ளி நின்றாள். கடைசியில் மேலதிகாரி என் முகத்தைப் பார்த்து, "போதை வராதத எதுக்கு சார் அவ்ளோ தூரத்துலேர்ந்து தூக்கினு வர்றீங்க? போங்க," என்று அனுதாபத்தோடு அனுப்பினார்.

ஏழுமலையின் அனுதாபம் அதைவிடப் பெரியது. "மூணு லிட்டரு மூத்திரம் வர்றதுக்கு ஃப்ளைட்டு டிக்கெட்டா மச்சான்?" என்றான். ஒரு பாட்டிலை முழுக்கக் குடித்தான், வீணாகக் கூடாதாம். சிரித்து முடித்துக் காலி பாட்டிலைக் கீழே வைத்தான்.

"நீ விட்டது நல்லதுதான்டா. ஆனா நீ சும்மா ஒக்காந்துகினு எங்களப் பாக்கும்போது, எங்க பரிச்ச பேப்பர திருத்தற மாதிரி கீது."

எனக்குச் சுருக்கென்றது. "நான் எதையும் திருத்த வரலடா. நீ குடி. என்ன மட்டும் வுட்டுடு."

"அப்ப ஆட்டம்?"

மீதி பாட்டில்களை எண்ணி உள்ளே வைத்தேன். எனக்கே தெரியவில்லை.

6

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை எட்டு மணிக்கு மாமன் சீர் கிளம்பியது. அக்கா வாழ்க்கைப்பட்டது பக்கத்து ஊர்தான். முன்பெல்லாம் குறுக்கே நடந்தால் பத்து நிமிடம். இப்போது நடுவில் கம்பெனி மதில் வந்துவிட்டது, அதனால் பிள்ளையார் கோயிலில் தொடங்கிப் பெரிய ரோட்டைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். பெண்கள் வரிசையாகத் தட்டு ஏந்தி வந்தார்கள். பழம், வெற்றிலை, புடவை, நந்தினிக்குப் பிடித்த சாக்லேட் மட்டும் ஒரு தட்டு. வீட்டு வாசலில் நின்று சீரை வரவேற்க வேண்டிய அக்காவும் மரபை மீறிக் கோயில் வரைக்கும் வந்துவிட்டாள், என்னைக் கண்காணிக்கத்தான். யாழினி போனைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

பேண்டு செட்டின் பெரிய டிரம் தாஸண்ணனுடையது. சிவப்புக் கோட்டு, தங்கக் குஞ்சம், அறுபது வயது. வாரநாட்களில் ஒரு கம்பெனியில் துப்புரவு கான்ட்ராக்டில் வேலை. என்னை மீசை முளைக்கும் முன்பிருந்தே பார்க்கிறவர்.

அடி ஆரம்பித்தது. ஜனம் வழக்கப்படி வட்டம் கட்டி என்னைப் பார்த்தது. நான் வட்டத்துக்குள் இறங்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. கை இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இடது காலைத் தூக்கி, தூக்கியதற்காக வலது காலையும் தூக்கினேன். இன்ஸ்பெக்ஷனுக்கு நிற்கிற மாதிரி இருந்திருக்கும். யாரோ விசிலடித்தார்கள், அதில் கேலி இருந்தது. "மாமனுக்கு ஜெர்மனி குளுரு இன்னும் வுடல," என்றார் ஒருவர். ரோட்டில் ஜெனரல் ஷிப்ட் பஸ்கள் வரிசையாக நின்றுவிட்டன. ஜன்னலெல்லாம் தலைகள்.

ஏழுமலை முந்தின நாளே வாங்கி வைத்ததைக் காலையிலேயே தொடங்கியிருந்தான். குளிர்பான பாட்டிலில் கலந்து வைத்திருந்ததை என் கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான்.

"ஒரே மடக்கு மச்சான். வண்டி ஸ்டார்ட் ஆயிடும்."

பொய் சொல்ல மாட்டேன். என் விரல் அந்த பாட்டிலைத் தொட்டது. ஆறு வருடத்தில் அவ்வளவு பக்கத்தில் போனது அன்றுதான். ஒரு மடக்கு போட்டால் போதும், இத்தனை பேருக்கு முன்னால் இந்த மரக்கட்டைக் கோலம் முடிந்துவிடும் என்று தோன்றியது. அப்போது டிரம் நின்றது. பஸ்களுக்கு வழிவிட வேண்டியிருந்ததால் ஊர்வலம் ஓரம் கட்டியது. தாஸண்ணன் குச்சியால் என்னைக் கூப்பிட்டார். நான் பாட்டிலை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் போனேன்.

"தம்பி, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. நீ எந்நாளும் என் அடிக்கி ஆடுனதே இல்ல. நாந்தான் ஒன் காலுக்கு அடிச்சிகினு இருந்தேன்."

"இன்னாண்ணே சொல்றே?"

"நீ இந்தப் பக்கம் சாஞ்சா ஒரு தட்டு. அந்தப் பக்கம் விழப் போறியா, ரெண்டு தட்டு. ஜனம் அத ஸ்டெப்புன்னு நென்ச்சிக்கும். நீ எப்ப எங்க சாயுவேன்னு பாத்துகினே அடிக்கணும். ஒன் ஆட்டம் முடிஞ்சா தோளு எனக்குத்தான் வலிக்கும்."

நான் அப்படியே நின்றேன். இருபது வருடப் புகழ் நடுரோட்டில் கழன்று விழுந்தது. முதலில் முகம் சுட்டது. அடுத்த நிமிடம் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியாத சிரிப்பு. போய்விட்டது என்று நான் ஆறு வருடமாகத் துக்கம் காத்த ஆட்டம் என்னிடம் இருந்ததே இல்லை! இல்லாததை எப்படித் தொலைப்பது?

"இன்னிக்கி நானு ஒழுங்கா அடிக்கறேன். நீ கேளு. அவ்ளோதான் வேல," என்றார் தாஸண்ணன்.

கேட்பது எனக்குத் தெரிந்த வேலை. கண்ணை மூடிக்கொண்டு, பேரிங்கைக் கேட்பது போலக் கேட்டேன். பெரிய டிரம்மின் அடிக்குக் கீழே சின்ன டிரம் ஓடியது. இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி வந்து வந்து போனது. அத்தனை வருடத்தில் அது என் காதில் விழுந்ததே இல்லை. அந்த இடைவெளியில் காலை வைத்தேன். சரியாக விழுந்தது. இன்னொரு முறை வைத்தேன். அதுவும் விழுந்தது. அப்புறம் தோள் தானாகச் சேர்ந்துகொண்டது.

பெரிய ஆட்டம் ஒன்றும் இல்லை. நாற்பத்தாறு வயசு, முட்டி வேறு கேட்காது. ஆனால் நான் ஆடினேன். வெயில் தெரிந்தது, வியர்வை தெரிந்தது, எதிரே நிற்கிறவன் முகம் தெரிந்தது, நான் ஆடுவதும் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருடமாக என் சொந்தக் கொண்டாட்டங்களில் நான் கலந்துகொண்டதே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. வழி கிடைத்தும் நகராமல், மாமாவோடு வேலை செய்யும் டிரைவர் ஒருவர் பஸ் ஹாரனை டிரம்முக்குச் சரியாக அடித்தார். அடுத்த பஸ்ஸும் சேர்ந்துகொண்டது. சூப்பர்வைசர்கள் மணி பார்த்தபடியே கைதட்டினார்கள்.

ஒரு சுற்று திரும்பியபோது பின்னால் அக்கா நின்றாள். கையில் ஈரத் துண்டு. முகம் இறுகியிருந்தது. இரண்டு எட்டில் என் முன்னால் வந்தாள்.

"ஊது."

"இன்னாக்கா?"

"ஊதுடா."

தாஸண்ணன் அடியை நிறுத்திவிட்டார். அத்தனை ஜனம், அத்தனை பஸ், சம்பந்தி வீட்டு ஆட்கள் இரண்டு பேர், எல்லோரும் பார்க்க, தட்டு ஏந்த வேண்டிய தாய்மாமன் வாயைத் திறந்து ஊதினான். அக்கா முகத்தைக் கிட்டே கொண்டுவந்து மோந்தாள்.

"இன்னொரு வாட்டி."

ஊதினேன்.

"காபி," என்றாள். யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே சொன்னாள். "வெறும் காபி." அவள் கண் நிறைந்துவிட்டது. "அட எருமை, நெசமாவே வுட்டுட்டியா?"

"ஆறு வருசமா அதத்தானேக்கா சொல்லிகினு கீறேன்!"

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். கையிலிருந்த துண்டை உதறி ஏழுமலையின் தோளில் போட்டாள். "இத நீ வச்சிக்க. ஒனக்குத்தான் தேவப்படும்." புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். "தாஸண்ணே, அடி!"

பிறகு அக்கா ஆடினாள். சும்மா கையை ஆட்டவில்லை. ஒவ்வொரு அடிக்கும் கால் வைத்து, தோளைக் குலுக்கி, நாக்கை மடித்துக்கொண்டு, கெட்டிக்காரத்தனமாக ஆடினாள். எனக்கு ஆடவே மறந்துவிட்டது. ஏழுமலை வாயைப் பிளந்தான். கல்யாணப் பெண் நந்தினிதான் அப்புறம் சொன்னாள்: "ஒங்களுக்குத் தெரியாதா மாமா? ஆயுத பூஜை அன்னிக்கி கேன்டீன்ல வருசா வருசம் அம்மாதான் ஆடும். அதப் பாக்கறதுக்கே வேற ஷிப்ட் ஆளுங்க லீவுல வருவாங்க."

7

நேற்று விளக்கு ஊர்வலம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் யாழினி தன் அறையிலிருந்து கூப்பிட்டாள். இந்த வயதில் அவள் அறைக்கு அழைப்பு வருவது அபூர்வம், உடனே போனேன். கம்ப்யூட்டரில் இரண்டு வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாள். இடது பக்கம் ஏழுமலை அனுப்பிய பழையது. வலது பக்கம் அவள் எடுத்தது. அடி ஒத்துப் போகிற மாதிரி இரண்டையும் வெட்டிச் சேர்க்கப் பார்த்தாளாம்.

"பழசு சேரவே மாட்டேங்குது அப்பா. நீங்க எங்கயுமே பீட்ல இல்ல."

"தெரியும்," என்றேன்.

"இத பாருங்க." அவள் இடது பக்க வீடியோவை நிறுத்தினாள். என்னைக் காட்டவில்லை, எனக்குப் பின்னால் காட்டினாள். அங்கே அக்கா நின்றாள். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ, அன்று சடங்கு அவள் பெண்ணுக்கு. நான் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பிடிப்பதற்காக இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, ஒரு தோளில் ஈரத் துண்டோடு, என் காலையே பார்த்தபடி நின்றாள். யாழினி வீடியோவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினாள். நான் இடப்பக்கம் போனால் அக்காவும் போனாள், வலப்பக்கம் போனால் அவளும் வந்தாள். பாட்டு முடியும்வரை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. நூறு தடவை பார்த்த வீடியோவில் நான் பார்த்ததெல்லாம் என்னை மட்டும்தான்.

வலது பக்கத்தில் அதே அக்கா, பன்னிரண்டு வயது கூடியவள், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆடிக்கொண்டிருந்தாள்.

யாழினி என் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள். "அத்தைக்கு ஆட்டம் பிடிக்காதுன்னு சொன்னீங்களே," என்றாள்.

பிடிக்கும். எப்போதுமே பிடித்திருக்கிறது. எங்கள் வீட்டு விசேஷங்களில் மட்டும் அவளுக்குக் கை ஒழிந்ததில்லை.